அவன் தூதும் அல்லனோ?

எங்கள் வீட்டில் சுந்தர காண்டப் பாராயணம் பாட்டியின் பொறுப்பு. 68 சர்க்கங்களையும் நாளுக்குச் சிலவாகப் பிரித்துக்கொண்டு, சம்மணமிட்டு அமர்ந்து, வரியின் கீழே விரலை ஓட்டியபடி படிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். கடைசி நாளன்று சுந்தர காண்டம் முடிந்ததும், வழக்கப்படி யுத்த காண்டத்தின் இறுதிக்குப் போய்ப் பட்டாபிஷேக சர்க்கத்தையும் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அதனால் என் சிறுவயது ராமாயணத்தில், அசோகவனத்தில் அழுக்குப் புடவையோடு வெறுந்தரையில் உட்கார்ந்திருந்த சீதை, சில பக்கங்கள் தள்ளியதும் அயோத்தியில் சிம்மாசனத்தில் இருந்தாள்.

"நடுவுல என்ன ஆச்சு பாட்டி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சண்டை நடந்தது. ராமர் ஜெயிச்சார்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணு இருக்கு. அதை நீ பெரியவளானப்புறம் நீயே படிச்சுக்கோ."

பெரியவளான பிறகு படித்தேன். வால்மீகியை மொழிபெயர்ப்பின் துணையோடும், கம்பனை உரையின் துணையோடும் பல தடவை படித்திருக்கிறேன். சீதை தீயில் இறங்கும் இடத்தைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக எழுதியிருக்கிறார்கள். ராமனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவர்களும் உண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் சமாதானம் சொன்னவர்களும் உண்டு. எனக்கோ அந்தத் தீயைக் காட்டிலும், தீ மூட்டப்படுவதற்கு முந்தைய ஒரு நாழிகையில் நடந்தவைதாம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகின்றன. ஏனென்றால், எந்தச் சான்றைத் தேடித் தீ மூட்டப்பட்டதோ அந்தச் சான்று அதற்கு முன்பே அந்த இடத்தில் இருந்தது.

போர் முடிந்து, ராவணனுக்கு ஈமக்கடன் ஆகி, விபீடணனுக்கு முடிசூட்டியும் ஆயிற்று. சீதையை அழைத்து வரும்படி ராமன் விபீடணனிடம் சொல்கிறான். தலைக்கு நீராட்டி, நறுமணம் பூசி, நல்ல ஆபரணங்கள் அணிவித்து அழைத்து வர வேண்டும் என்பது ஆணை. அதைக் கேட்ட சீதை, நீராடாமல் இப்படியே என் கணவரைக் காண விரும்புகிறேன் என்று பதில் சொல்கிறாள். வால்மீகி இதற்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. உடனே பார்க்க வேண்டும் என்ற தவிப்பாக அதைக் கொள்ளலாம். கம்பன் அந்த மௌனத்துக்குள் புகுந்து சீதையைப் பேச வைக்கிறான். நான் இங்கே இருந்த தன்மையை வானவர் குழுவும், எங்கள் அரசனும், முனிவர் கூட்டமும், கற்புடைய மாதரும் காண்பதுதான் மாட்சி, இந்தக் கோலத்தை மாற்றி ஒப்பனை செய்துகொள்வது சிறப்பன்று என்கிறாள்.

அவள் எதைக் காட்ட விரும்பினாள்? வாரப்படாமல் ஒரே பின்னலாகத் திரண்டுபோன கூந்தலை, மாற்றுடை இல்லாமல் புழுதி படிந்த ஆடையை, பட்டினியில் வற்றிய உடம்பைக் காட்ட விரும்பினாள். ராவணன் அவளுக்குக் கொடுத்த கெடு 12 மாதம். அனுமன் வந்து பார்த்தபோது அதில் 2 மாதந்தான் மிச்சம் இருந்தது. அந்தப் பத்து மாதமும், அரக்கியர் சூழ்ந்து நின்று மிரட்டவும் ஆசை காட்டவும், ராவணன் வந்து பேசும்போதெல்லாம் இடையில் ஒரு புல்லைக் கிள்ளிப் போட்டுவிட்டு அந்தப் புல்லை முன்வைத்துப் பதில் சொல்லியும் கழித்திருக்கிறாள். அவளை வெளியாட்கள் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அவள் அங்கே இருக்கிறாள் என்பதே ராமனுக்குத் தெரியாது. அந்த நாட்களின் கணக்கெல்லாம் அவள் உடம்பில் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கோலத்தோடு அவள் போயிருந்தால் யாரும் வாய் திறந்து கேட்க வேண்டியிருந்திருக்காது. விபீடணன் ராமனின் ஆணையைத் திரும்பச் சொல்கிறான். கணவன் சொன்னது என்பதற்காக அவள் பணிகிறாள். நீராட்டினார்கள், பட்டு உடுத்தினார்கள், நகை பூட்டினார்கள். சான்று கழுவப்பட்டுவிட்டது.

இப்படி நகையும் பட்டுமாக வந்து நின்றவளைப் பார்த்துத்தான் கம்பனின் ராமன், உணவின் சுவையை விரும்பி உயிர் வாழ்ந்தாய், ஒழுக்கம் பாழ்பட்ட பிறகும் சாகவில்லை, அரக்கனுடைய ஊரில் அடங்கிக் கிடந்தாய், இப்போது அச்சமின்றி இங்கே எதை எண்ணி வந்தாய் என்று கேட்கிறான். இந்தப் பாட்டை நான் வாய்விட்டுப் படிப்பதே இல்லை. ஒப்பனை செய்யச் சொன்னவன் அவன், அந்த ஒப்பனையின் நடுவே குற்றம் கண்டவனும் அவன். கம்பன் இந்த முரணைச் சுட்டிக் காட்டுவதில்லை. ஆனால் சில பாடல்களுக்கு முன்னால் சீதையின் மறுப்பை அவ்வளவு விளக்கமாகப் பாடி வைத்திருக்கிற ஒரு கவிஞன் இதை அறியாமல் செய்தான் என்று என்னால் நம்ப முடியவில்லை.

வால்மீகியில் இதற்கு இணையாக வேறொன்று இருக்கிறது. பல்லக்கில் சீதை வரும்போது வானரர்களும் கரடிகளும் அரக்கர்களும் முண்டியடித்துக்கொண்டு பார்க்க வருகிறார்கள். விபீடணனின் காவலர்கள் பிரம்பைக் காட்டி அவர்களை விரட்டுகிறார்கள். ராமனுக்குக் கோபம் வருகிறது. இவர்கள் என் மக்கள், இவர்களை விரட்டாதே என்கிறான். அதோடு, வீடும் ஆடையும் மதிலும் அரச மரியாதைகளும் பெண்ணுக்குத் திரையல்ல, அவளுடைய நடத்தைதான் அவளுக்குத் திரை என்றும் சொல்கிறான். பெண்ணைப் பற்றி இதிகாசத்தில் சொல்லப்பட்ட மிக உயர்ந்த சொற்களுள் ஒன்று இது. இதைச் சொன்ன வாய் சில கணங்களில், உன் நடத்தையில் எனக்கு ஐயம் எழுந்துவிட்டது என்று சொல்லப் போகிறது. அதற்கிடையே சீதை பல்லக்கை விட்டிறங்கி, அத்தனை கண்களுக்கு நடுவே, தன் உடம்புக்குள்ளேயே ஒடுங்கிக்கொள்கிறவளைப் போல நடந்து வருகிறாள். முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு "ஆரியபுத்திர" என்ற ஒரே சொல்லைச் சொல்லி அழுகிறாள். நெடுநாள் பிரிவுக்குப் பிறகு கணவனிடம் அவள் பேசிய முதல் சொல் அது.

அதற்குப் பதிலாக வந்த பேச்சில் ஓர் உவமை இருக்கிறது. கண்ணோய் உள்ளவனுக்கு விளக்கு எப்படியோ அப்படி நீ என் முன் நிற்கிறாய், எனக்கு உன்னைக் காணப் பிடிக்கவில்லை என்கிறான் ராமன். இந்த உவமையை நிதானமாக எண்ணிப் பார்த்தால் அது சொன்னவனுக்கு எதிராகவே திரும்புகிறது. நோய் கண்ணில் இருக்கிறது, விளக்கில் ஒரு குறையும் இல்லை. சுடுசொல்லை எறிகிற அந்த நேரத்திலும் அவனுடைய உள்ளம் உண்மையை அறிந்திருந்தது என்பதை வால்மீகி இந்த உவமைக்குள் வைத்திருக்கிறார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். இந்த உவமை மட்டும் இல்லாதிருந்தால் ராமனை மன்னிப்பது எனக்கு இன்னும் கடினமாக இருந்திருக்கும்.

சீதை அழுகையை நிறுத்திக் கண்களைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்கிறாள். சாமானியன் ஒருவன் சாமானியப் பெண்ணிடம் பேசுவதுபோலப் பேசிவிட்டாய் என்று தொடங்குகிறாள். அனுமனை அனுப்பினாயே, அன்றைக்கே என்னைக் கைவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருக்கலாமே, அந்த வானரன் கண்ணெதிரேயே நான் உயிரை விட்டிருப்பேனே, உனக்கும் உன் நண்பர்களுக்கும் இத்தனை பாடு இருந்திருக்காதே என்கிறாள். பிறகு, என் வசத்தில் இருந்த நெஞ்சம் உன்னிடமே இருந்தது, பிறர் வசப்பட்ட உடம்புக்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறாள். பலாத்காரத்துக்கு ஆளாகிறவள் குற்றவாளி ஆவதில்லை என்ற நியாயத்தை, ஓர் அரசவைக்கு நிகரான கூட்டத்தின் நடுவே, இவ்வளவு தெளிவாக ஒரு பெண் எடுத்து வைக்கிறாள். இதைப் படித்த பிறகும் சீதையை வாயில்லாப் பூச்சி என்று சொல்கிறவர்கள் யுத்த காண்டத்தைத் திறந்தே பார்க்காதவர்கள் என்றுதான் சொல்வேன்.

கம்பனிலும் அனுமனின் பெயர் இந்த இடத்தில் வருகிறது. மாருதி வந்து என்னைக் கண்டு, நீ இங்கே வரப்போவதைச் சொன்னான், எல்லாரினும் மேலான அவன் என்னுடைய நிலையை உன்னிடம் சொல்லவில்லையா, "அவன் தூதும் அல்லனோ?" என்று கேட்கிறாள். இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது சுந்தர காண்டம் முழுவதும். அனுமன் திரும்பி வந்ததும் "கண்டெனன் கற்பினுக்கு அணியைக் கண்களால்" என்று சொன்னவன். நற்குடிப் பிறப்பும் பெரும் பொறுமையும் கற்பும் கூடிக் களிநடம் புரியக் கண்டேன் என்று ராமனிடமே சாட்சி சொன்னவன். ராமன் அந்தச் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டுதான் கடலுக்கு அணை கட்டினான். நேரில் பார்த்தவனின் வாக்குமூலம் ஏற்கெனவே பதிவாகி இருக்கும்போது இன்னொரு விசாரணை எதற்கு என்பதுதான் அவளுடைய வாதம். ராமன் அதற்குப் பதில் சொல்லவில்லை. அனுமன் அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பாராயணத்தை வருடக்கணக்காகக் கேட்டு வளர்ந்தவள் என்பதாலோ என்னவோ, அவனுடைய அந்த மௌனம் என்னை மிகவும் வருத்துகிறது.

இதன் பிறகு வருவது கம்பனின் உச்சங்களில் ஒன்று. "எத் தவம், எந் நலம், என்ன கற்பு" என்று அடுக்கிக்கொண்டு போகிறாள். இத்தனை காலம் நான் பட்ட பாடெல்லாம் பித்து என்று ஆகி வீணாகப் போயிற்று, "உத்தம! நீ மனத்து உணர்ந்திலாமையால்" என்று முடிக்கிறாள். அந்தச் சூழலில் "உத்தம" என்று விளிக்க அவளுக்கு மனம் வந்திருக்கிறது. அதில் கசப்பு துளியும் இல்லை என்றுதான் நான் வாசிக்கிறேன், அதனாலேயே அது இன்னும் கனமாக இருக்கிறது. அவள் கேட்டது ஊராரின் ஒப்புதலை அன்று. ஒரே ஒரு மனம் உணர்ந்திருந்தால் போதும் என்று இருந்தவள், அந்த மனம் உணரவில்லை என்று கண்டதும் இலக்குவனிடம் தீ மூட்டச் சொல்கிறாள். தீயைக் கேட்டது அவள்தான். ராமன் தீக்குளிக்கச் சொன்னதாகவே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு காவியங்களிலும் அப்படி இல்லை. அவன் போகச் சொன்னான், அவள் போக மறுத்து நெருப்பைத் தேர்ந்துகொண்டாள்.

தீயில் நடந்ததைக் கம்பன் தலைகீழாக மாற்றிவிடுகிறான். அவள் பாய்ந்ததும், பால்போல் வெளுத்த பஞ்சைப் போல, அவளுடைய கற்பின் தீயினால் அந்த நெருப்பே தீய்ந்து போகிறது. சுடும் சூட்டைப் பொறுக்க முடியாமல் அக்கினி அலறிக்கொண்டு எழுந்து வருகிறான். வந்தவன் கையில் இருந்தவளைக் கம்பன் வர்ணிக்கும் இடத்தில் என் கண் எப்போதும் ஒரு பாட்டிலேயே நின்றுவிடும். கோபத்தால் அவளுக்கு அரும்பியிருந்த வியர்வை கூட உலரவில்லை. கூந்தலில் சூடிய பூக்கள், பாடும் வண்டோடும் துளிர்த்த தேனோடும், நீரில் தோய்த்து எடுத்தவை போல இருந்தன. நெருப்புக்குள் போய் வந்தும் வண்டு பறக்கவில்லை என்பதைவிட அந்த வியர்வை எனக்கு முக்கியமாகப் படுகிறது. தீ அவளுடைய கோபத்தைக்கூடத் தொடவில்லை. போகும்போது எந்தக் கோபத்தோடு போனாளோ அதே கோபத்தோடு திரும்பி வந்தாள். அவளுடைய கோபமும் நியாயமானதுதான் என்று கவிஞன் இதைவிட மென்மையாக எப்படிச் சொல்வான்?

வால்மீகியின் ராமன் இப்போது வாய் திறக்கிறான். சீதை தூயவள் என்று எனக்குத் தெரியும், விசாரிக்காமல் ஏற்றிருந்தால் தசரதனின் மகன் காமவசப்பட்ட அறிவிலி என்று உலகம் பேசும், மூவுலகும் நம்ப வேண்டும் என்பதற்காகவே தீயில் இறங்கியபோது பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிறான். பிறகு, சூரியனிடமிருந்து ஒளி வேறாகாததுபோல் சீதை என்னிடமிருந்து வேறானவள் அல்லள் என்கிறான். இந்தச் சொற்களை வாசகர் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறார். அசோகவனத்தில் ராவணனிடம் சீதை இதே உவமையைத்தான் சொன்னாள், சூரியனுக்கு ஒளிபோல நான் ராகவனிடமிருந்து வேறானவள் அல்லள் என்று. வடமொழியில் அந்த அடிகள் கிட்டத்தட்ட ஒன்றே. அவள் சொன்னதை அவன் கேட்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தியும் இந்தப் பக்கம் ஒருவனும் ஒரே உவமையை மனத்தில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பரீட்சை இந்த இருவருக்கும் இடையே நடந்ததே இல்லை. அது வேடிக்கை பார்த்தவர்களுக்காக நடந்தது.

பிற்காலத்தவர் இந்த இடத்தைத் தாங்க முடியாமல் தவித்திருக்கிறார்கள். வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பனின் ராவணன் அவளைத் தீண்டாமல் ஒரு யோசனை (பழைய தொலைவளவு) அளவு நிலத்தையே பெயர்த்து எடுத்துப் போகிறான். அத்யாத்ம ராமாயணத்திலும், 1574இல் துளசிதாசர் எழுதத் தொடங்கிய ராமசரிதமானசிலும் ராவணன் கவர்ந்தது மாயச் சீதையை, உண்மைச் சீதை அதுவரை தீக்குள் பத்திரமாக இருந்தாள். பக்தியிலிருந்து பிறந்த இந்த மாற்றங்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் தொட்டால் களங்கம் என்ற கணக்கை இவை ஒப்புக்கொண்டுவிடுகின்றன என்பது என் மனக்குறை. பிறர் வசப்பட்ட உடம்புக்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டாளே, அந்தச் சீதைக்கு மாயச் சீதை தேவையே இல்லை.

மகாபாரதத்தின் வன பர்வத்தில் ராமகதையை மார்க்கண்டேயர் சுருக்கிச் சொல்கிறார். அதில் தீயே இல்லை. சீதை, நான் தவறியிருந்தால் காற்று என் உயிரைப் போக்கட்டும் என்று ஆணையிடுகிறாள், வாயுவும் அக்கினியும் வருணனும் வந்து சாட்சி சொல்கிறார்கள், அவ்வளவுதான். இந்தக் கதை எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லப்படுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஜெயத்ரதன் திரௌபதியைத் தேரில் கவர்ந்து போகிறான், பாண்டவர்கள் துரத்திப் பிடித்து அவளை மீட்டு வருகிறார்கள். வந்த பிறகு ஐவரில் ஒருவரும் அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. யுதிஷ்டிரன் வருந்துவதெல்லாம், நேர்மையானவன்மேல் பொய்யான திருட்டுப் பழி விழுவதுபோல, அறம் அறிந்த நம் மனைவிக்கு இப்படி ஒன்று நேர்ந்ததே என்றுதான். பிறன் கை பட்டதைச் சொல்லவும் அவன் வாயில் வந்தது பொய்ப்பழி என்ற சொல்தான். அந்த வருத்தத்துக்கு ஆறுதலாகத்தான் சீதையின் கதை அங்கே வருகிறது.

அதே வன பர்வத்தில்தான் தமயந்தியும் இருக்கிறாள், தமிழில் புகழேந்தியின் நளவெண்பாவால் நம் வீட்டுப் பெண்ணாகவே ஆனவள். அவள் கதையில் சோதிப்பவள் மனைவி. சுயம்வரத்தில் நான்கு தேவர்கள் நளன் உருவில் வந்து நிற்க, கண் இமைப்பதையும் கால் நிலத்தில் படிவதையும் மாலை வாடியிருப்பதையும் கண்டு தன்னவனைத் தெரிந்தெடுக்கிறாள். நெருப்பில் வாடாத பூ சீதையின் தூய்மைக்குச் சான்று என்றால், வாடிய பூ நளனின் மனிதத்தன்மைக்குச் சான்று. பின்னாளில் அவளைக் காட்டில் விட்டுப் போனவன் உருமாறி, அயோத்தி அரசன் இருதுபன்னனின் தேரோட்டியாகத் திரும்பி வரும்போதும் அவள் சந்தேகப்படுகிறாள். ஆனால் அவனைக் கூட்டத்தில் நிறுத்திக் கேட்கவில்லை. தோழியை அனுப்பி அவன் சமைப்பதைக் கவனிக்கச் சொல்கிறாள், அவன் சமைத்ததில் கொஞ்சம் கொண்டு வரச் சொல்லிச் சுவைத்துப் பார்க்கிறாள், பிள்ளைகள் இருவரையும் அவனெதிரே அனுப்பி அவன் கண் கலங்குகிறதா என்று பார்க்கச் சொல்கிறாள். தான் அறிந்துகொள்வதற்காகச் சோதித்தாள், அறிந்ததும் நிறுத்திவிட்டாள். தவறிழைத்தவனான நளனோ, இன்னொருவனை மணக்கத் துணிந்தாயே என்று அவளைத்தான் கேட்கிறான். வாயு வானத்திலிருந்து பேசுகிறான், மூன்று ஆண்டுகள் இவளுக்கு நாங்கள் காவலும் சாட்சியுமாக இருந்தோம் என்று. நளன் அந்த ஒரு சொல்லோடு ஐயத்தை விடுகிறான். அதன் பிறகு ஊரார் என்ன சொன்னார்கள் என்பது அந்தக் கதையில் இல்லை.

ராமனின் கதையில் ஊரார் இருக்கிறார்கள். கம்பன் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டான், ஏழாவது காண்டத்தைப் பாடவில்லை. வால்மீகியின் பெயரில் உள்ள உத்தர காண்டத்தில், ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ராமன் கேட்க, பத்திரன் என்பவன் தயங்கித் தயங்கிச் சொல்கிறான்: ராவணன் மடியில் தூக்கிப் போனவளை மன்னர் ஏற்றுக்கொண்டார், இனி நம் வீட்டுப் பெண்கள் விஷயத்திலும் நாம் பொறுத்துப் போக வேண்டியதுதான் என்று பேசிக்கொள்கிறார்களாம். அக்கினி சாட்சி சொன்னதும், பிரமன் வந்ததும், மூவுலகும் பார்த்ததும் அந்தப் பேச்சை ஒரு கணம்கூடத் தடுத்து வைக்கவில்லை. எந்த உலகத்துக்காகத் தீ எரிந்ததோ அந்த உலகம் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. சூல் கொண்டிருந்தவளைக் கங்கைக்கரைக் காட்டில் விட்டு வரும்படி இலக்குவனுக்கு ஆணை வருகிறது.

ஆண்டுகள் கழித்து, நைமிச வனத்து வேள்விச் சாலையில், குசனும் லவனும் பாடியதைக் கேட்ட ராமன், சீதை சபையில் வந்து தன் தூய்மையை மெய்ப்பிக்கட்டும் என்கிறான். இந்தத் தடவை அவளை யாரும் அலங்கரிக்கவில்லை. காவி உடையில், கைகூப்பி, தலை குனிந்து, வால்மீகியின் பின்னால் நடந்து வருகிறாள். இவளிடம் குற்றமிருந்தால் என் நெடுந்தவத்தின் பலன் எனக்குக் கிட்டாமல் போகட்டும் என்று முனிவர் ஆணையிடுகிறார். உங்கள் சொல்லே எனக்குப் போதும், இலங்கையிலும் இவள் மெய்ப்பித்தாள், ஊர்ப்பழிக்கு அஞ்சித்தான் விட்டேன் என்று ராமனும் ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொண்ட பிறகும் சபை காத்துக்கொண்டிருக்கிறது. சீதை யாரிடமும் வாதாடவில்லை. அனுமனைப் பற்றி இப்போது கேட்கவில்லை. ராகவனைத் தவிர வேறொருவரை மனத்தாலும் நான் நினைத்ததில்லை என்பது உண்மையானால் பூமிதேவி எனக்கு வழிவிடட்டும் என்று மட்டும் மூன்று முறை சொல்கிறாள்.

நிலம் பிளந்து, நாகங்கள் தாங்கிய சிம்மாசனம் மேலே வருகிறது. இலங்கையில் அக்கினி அவளை மடியில் ஏந்தி வந்ததுபோல, பூமிதேவி இரு கைகளாலும் அவளை அணைத்து எடுத்துத் தன்னருகே உட்கார வைத்துக்கொள்கிறாள். அக்கினி அவளை ராமனிடம் ஒப்படைத்தான். பூமியிடம் ராமன் கெஞ்சினான், சீதையைத் தராவிட்டால் உன்னை அழிப்பேன் என்று சீறினான், அவளைத் தர மாட்டாயென்றால் என்னையும் உள்ளே எடுத்துக்கொள் என்றும் கேட்டான். பூமி அவளைத் திருப்பித் தரவில்லை.